மதியம் ஒன்றே கால் மணிக்கு அள்ளிய தண்ணீர்

கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. நேற்று போனில் நீ போட்ட சத்தத்திலேயே உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இதையும் போனில் பேசிப் பதிந்து அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பாய், பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று பதில் போடுவாய். அதனால்தான் பேனா எடுத்தேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பள்ளிக்கூட லீவில் தினம் ஒரு பக்கம் என்று நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தபோது, நீளமான சொல் வந்தால் முகத்தைச் சுளிப்பாய். இப்போதும் சுளித்துக்கொண்டே படி. உனக்கு நிச்சயம் செய்திருக்கும் மானசிக்குத் தமிழ் தெரியாது, அவளைப் படித்துச் சொல்லச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, மெதுவாக, நீயே படிக்க வேண்டும். உன் ரிப்போர்ட்டை நான் அப்படித்தான் படித்தேன்.

அந்த ரிப்போர்ட் என் கைக்கு எப்படி வந்தது என்று நேற்று மூன்று தடவை கேட்டாய். போன செவ்வாய்க்கிழமை காலையில் சுலபா கொண்டுவந்தாள். சித்தியைக் கூப்பிடுவதுபோல நீ காக்கூ, காக்கூ என்று மடியில் ஏறி வளர்ந்த அதே சுலபா, நம் கட்டடத்தின் தரைத்தளத்தில் முப்பது வருடமாக இருப்பவள். விஷ்ராந்த்வாடியில் இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த அன்று, பால் பாத்திரத்தோடு படியேறி வந்த முதல் ஆள். கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் குவாரிக் குட்டையை மண் கொட்டி மூடி, அதன்மேல் பதினான்கு மாடி எழுப்பப் போகிறார்கள் என்று ஒரு வருடமாகப் பேச்சு. அவள் கவலை அவளுக்கு. இந்தப் பக்கத்து மழைத் தண்ணீரெல்லாம் அந்தக் குழியில்தான் போய் விழுகிறது. குழி இல்லையென்றால் முதல் பெருமழைக்கே அவள் வீட்டுக் கட்டிலுக்கடியில் தண்ணீர் நிற்கும். ஆட்சேபணை சொல்கிறவர்கள் வந்து சொல்லலாம் என்று வருகிற வெள்ளிக்கிழமை அதிகாரிகள் கூட்டம் வைத்திருக்கிறார்கள். பில்டர் கொடுத்த காகிதங்களை யாரோ ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். அதில், இந்த மாதிரி சோதனைக்கென்றே இருக்கிற ஓர் ஆபீஸ் குட்டையைப் பார்த்துக் கொடுத்த ரிப்போர்ட் ஒன்று. பழைய கல்குழி, தேங்கிய மழைநீர், குறிப்பிட்டுச் சொல்லும்படி நீர்வாழ் உயிரினம் எதுவும் காணப்படவில்லை. அந்த வரியின் கீழே சுலபா சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் நீட்டினாள். "ஹீ துஜ்யா முலாச்சி சஹீ நா?" என்று மராத்தியில் கேட்டாள். இது உன் பையன் கையெழுத்துதானே?

இல்லை என்றேன். அவன் பெயரில் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்றேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பத்தாம் வகுப்பில் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழகியபோதே உன் கை சுழிக்கிற விதத்தை நான் பார்த்தவள்தான். ஆனாலும் வாய் இல்லை என்றது. அப்புறம் அவள் இன்னொரு பக்கத்தைத் திருப்பினாள். அதில் ஒரு போட்டோ. வெள்ளை எனாமல் பேசின், நீல விளிம்பு, அதில் முக்கால் அளவு தண்ணீர். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, ஒரு தூசி இல்லை. விளிம்பில் ஓர் இடத்தில் எனாமல் பெயர்ந்து, கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக இருக்கிறது. சுலபாவுக்கு அது ஏதோ ஒரு பாத்திரம். எனக்கு அது நம் வீட்டுப் பேசின். குழாயடியில் நான் கைதவறிப் போட்டுப் பெயர்ந்த இடம் அது. அதற்கப்புறம் அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

மே மாதம் ஒரு புதன்கிழமை நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். ஞாபகம் இருக்கிறதா? "என்ன கண்ணு, ஆபீஸ் இல்லியா? இரு, சோறு உண்ணுட்டுப் போ" என்றேன். சும்மா இந்தப் பக்கம் வேலை இருந்தது என்றாய். அவசரமாகக் கத்திரிக்காய் வதக்கினேன், அப்பளம் பொரித்தேன். தயிரைக் கூடப் பிசைந்து கையில் கொடுக்காத குறை. சாப்பிட்டு எழுந்தபோது பழைய பேசின் இருக்கிறதா என்று கேட்டாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கல்யாணம் ஆகி, புது வீட்டில் மறுபடியும் மீன் தொட்டி வைக்கப் போகிறான், மானசிக்கும் அந்த ஆசை தொற்றியிருக்கிறது என்று நானே கதை கட்டிக்கொண்டேன். பரணில் ஏறி எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, துணியில் துடைத்து உன் கையில் கொடுத்தேன். ஒரு மணிக்கு வெளியே போனாய், இரண்டு மணிக்குப் பையை எடுக்கத் திரும்பி வந்தாய். பேன்ட் நுனி நனைந்திருந்தது. "என்ன கண்ணு, ஈரம்?" என்று கேட்டதற்கு, "ரோட்டுல பைப் ஃபுட்டிருக்கும்மா" என்றாய். பைப் உடைந்திருக்கிறது என்று நானும் நம்பினேன், பாதம் துடைக்கத் துண்டு எடுத்துக்கொடுத்தேன். என் கைச் சோற்றைத் தின்றுவிட்டு, நான் தேய்த்துக் கொடுத்த பேசினில், என் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற குட்டையில் போய் அந்தத் தண்ணீரை அள்ளியிருக்கிறாய். எனக்கு வலிப்பது அதுதான். வேறு ஊரில் வேறு குட்டையில் செய்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை என்பது ஒரு பக்கம். இங்கேயே வந்து செய்ய உனக்குக் கை கூசவில்லையே என்பது இன்னொரு பக்கம்.

அன்று ராத்திரி முழுக்க அப்பாவிடம் புலம்பினேன். போசரி ஃபாக்டரியில் முப்பத்திரண்டு வருடம் லேத்தில் நின்ற மனுஷன், எதற்கும் பதறமாட்டார். "உடு புள்ள, அவன் பொழப்ப அவன் பாக்க வேண்டாமா? ஒரு குட்டைக்குப் போயி" என்றார். ஒரு குட்டை என்று அவர் சொல்லலாம். அவர் அப்போதெல்லாம் ஷிப்டுக்குப் போய்விடுவார். நீயும் நானும்தான் அதன் கரையில் நின்றோம். ஆகவே நீ அப்படிச் சொல்ல முடியாது.

எதற்காக நின்றோம் என்று மறந்திருந்தால் சொல்கிறேன். நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து, பாஷை தெரியாமல், பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் இருந்தபோது, முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போன தொட்டியும் அதில் ஒரு நீலச் சண்டை மீனும்தான் எனக்குத் துணை. ஒன்று பத்தாகி, பத்து ஊறுகாய் பாட்டில்கள் முப்பதாகி, பால்கனி முழுக்க மீன். கேம்ப் கடைவீதியில் மீன் கடை வைத்திருந்தவர் ஒரு தடவை என் மீன்களைப் பார்த்துவிட்டு, இந்த வால் இவ்வளவு விரிய என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். டப்பாவில் விற்கிற உலர்ந்த தீனி இல்லை, உயிரோடு துள்ளுகிற தீனி என்றேன். அது கிடைக்கிற இடம் நம் பின்வாசல்.

காலை ஆறு மணி. எருமைகள் வந்து படுத்துப் போகிற மூலையில், சுபாபுல் மரங்கள் சாய்ந்திருக்கிற ஓரத்தில்தான் தண்ணீர் பச்சையாக இருக்கும். என் பழைய மெல்லிய வாயில் துணிச் சேலையின் முந்தானையைக் கம்பி வளையத்தில் தைத்து, வீடு துடைக்கிற கட்டையில் கட்டிய வலை. அதை, லைசென்ஸ் வாங்க வண்டியில் எட்டுப் போடுவார்களே, அதைப்போலத் தண்ணீருக்குள் எட்டு எட்டாக ஓட்ட வேண்டும். நேராக இழுத்தால் பூச்சியெல்லாம் விலகி ஓடிவிடும். இழுத்ததைப் பேசினில் கவிழ்த்து, ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கலங்கல் அடங்கும். அப்புறம் வெள்ளைத் தரையில் எல்லாம் தெரியும். குதித்துக் குதித்துப் போகும் கடுகுக்கும் சிறிய சிவப்புப் புள்ளிகள் தண்ணீர்த் தெள்ளு. உடம்பை வளைத்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்குவது கொசுப்புழு. வாலோரம் இரண்டு முட்டைப் பைகளைத் தூக்கிக்கொண்டு திடுக் திடுக்கென்று நகர்வது இன்னொன்று. அதற்கு ஒரே கண்தான் என்று உன் பூதக்கண்ணாடியால் கண்டுபிடித்தவன் நீ. ஒத்தக்கண்ணன் என்று பெயர் வைத்தாய். தெள்ளுக்குத் துள்ளி. எனக்கு அதுவரை எல்லாமே தண்ணிப்பூச்சிதான். நான் அள்ளுகிறவள், பார்க்கிறவன் நீ. எது தீனி, எது தீனியைத் தின்ன வந்தது என்று பிரிக்கிற கண் உனக்கு இருந்தது, எனக்கு இல்லை.

இல்லை என்று எனக்கே தெரிந்தது எப்போது என்று சொல்கிறேன். உனக்கு எட்டு வயது. ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. பேசினை அப்படியே டீ வடிகட்டியில் கொட்டி, குஞ்சுத் தொட்டியில் சேர்க்கப் போனேன். "அம்மா, அதுல திருடன் இருக்கான்" என்றாய். திருடன் என்றால் தட்டான்பூச்சியின் குஞ்சு. தண்ணீருக்கடியில் அழுகிய இலைத் துணுக்குமாதிரி அசையாமல் கிடக்கும், பக்கத்தில் மீன்குஞ்சு வந்தால் முகத்துக்கடியிலிருந்து கொக்கியை நீட்டிப் பிடித்துவிடும். நான் பார்த்தேன், இலைதான் தெரிந்தது. "பேசாம பையை எடு" என்று அதட்டினேன். தினம் நாலு, ஐந்து என்று குஞ்சு குறைந்தது. நீ அதிகத் தீனி போட்டுக் கொன்றுவிட்டாய் என்று உன்னைத்தான் திட்டினேன், ஒரு அடியும் கொடுத்தேன். ஆறாம் நாள் நீயே தொட்டி மண்ணைக் கரண்டியால் கிளறி, கொழுத்துப்போயிருந்த அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, அதனால் தோசை சுட்டுக் கொடுத்தேன். இப்போது கேட்கிறேன். அன்றைக்கு நீ பார்த்தது சரி, நான் பார்த்தது தப்பு.

அதற்கப்புறம்தான் நீ நோட்டுப் போட ஆரம்பித்தாய். நூறு பக்க நோட்டு, அட்டையில் கிரிக்கெட் படம். தேதி, மணி, வெயிலா மேகமா, எந்த ஓரம், என்னென்ன கிடைத்தது. பென்சிலில் படம். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. சுலபா போன பிறகு பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில், எழுத்துப்பிழையோடு உன் இங்கிலீஷில், மத்தியானம் நடுத்தண்ணீரில் ஒன்றும் இல்லை, எல்லாம் வெயிலுக்குப் பயந்து கீழே போய்விடுகிறது, காலையில் மர ஓரத்தில் ஃபுல் என்று எழுதி, ஃபுல் என்பதற்கு மூன்று கோடு போட்டிருக்கிறாய். நீ எழுதியபோது வயது ஒன்பதோ பத்தோ.

இப்போது உன் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். விரலை வைத்துப் படித்தேன் என்று சொன்னேனே. தண்ணீர் எடுத்த நேரம், மதியம் ஒன்றே கால். எடுத்த இடம், திறந்த நடுப்பகுதி, மேல்மட்டம். எடுத்த கருவி, கடையில் விற்கிற பச்சை வலை. அந்த வலைக்கண்ணில் துள்ளி நிற்குமா கண்ணு? ஓட்டைக்கு ஓட்டை வழுக்கிக்கொண்டு போய்விடுமே! எல்லாவற்றையும் ஒழுங்காக, மறைக்காமல், நேர்மையாக எழுதி வைத்திருக்கிறாய். தெரியாதவன் எவனாவது செய்திருந்தால் பாவம், ஆபீஸ் சொன்னதைச் செய்தான் என்று விட்டிருப்பேன். அந்தக் குட்டையில் ஒன்றுமே கிடைக்காத நேரம் எது, ஒன்றுமே கிடைக்காத இடம் எது, எந்த வலையில் ஒன்றுமே தங்காது, இது மூன்றும் இந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். கற்றுக்கொண்ட அத்தனையையும் திருப்பிப் பிடித்து உபயோகித்திருக்கிறாய். வெள்ளைப் பாத்திரத்தில் எதுவும் ஒளிய முடியாது, பார்க்கிறவன் நம்பிவிடுவான் என்று தெரிந்துதான் பேசினையும் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாய். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று பேச்சுக்குச் சொல்வோம். அது எப்படி இருக்கும் என்று எனக்கு இந்த ஐந்து நாளாகத்தான் தெரியும்.

இதைத்தான் நேற்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? முதலில் சீனியர் அனுப்பினார், உன் வீட்டுப் பக்கம்தானே, நீயே போய் முடித்துவிட்டு வா என்றார் என்றாய். அப்புறம் எல்லா ஆபீஸிலும் இப்படித்தான் என்றாய். அப்புறம் பிளாட், கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றாய். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. கடைசியில் கத்தினாய். "அம்மா, நான் ஜூட் ஒண்ணும் எழுதல! அந்த எடத்துல ஒண்ணும் இல்ல. இல்லதான?" என்றாய்.

போனை வைத்தது நீ என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வைத்தது நான். பொய் எதுவும் எழுதவில்லை என்று நீ சொன்னதற்காக அல்ல. அந்தக் கடைசி இரண்டு வாக்கியம் என்னுடையது. தெரிந்தே எடுத்து என்மேல் வீசினாயா, இல்லை தானாக உன் வாயில் வந்ததா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்தே வீசியிருந்தால் பரவாயில்லை என்றுகூடத் தோன்றுகிறது. தானாக வந்திருந்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்குப் பத்து வயது. அந்த வருடம் மழை முடிந்ததும் இந்தப் பக்கமெல்லாம் காய்ச்சல். கொசு ஒழிக்கிற ஆட்கள் இரண்டு பேர், முதுகில் டின்னோடு வந்தார்கள். குட்டையில் கொசுப்புழு இருந்தால் மேலே எண்ணெய் தெளித்துவிட்டுப் போவார்கள். எண்ணெய் விழுந்தால் புழு சாகும், கூடவே துள்ளியும் ஒத்தக்கண்ணனும் எல்லாமும் சாகும். வீட்டில் மூன்று வாரக் குஞ்சுகள் இருநூறு, தீபாவளிக்குள் கேம்ப் கடைக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்த முதல் பெரிய ஆர்டர். நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், நீ பக்கத்தில் நின்றாய். பேசினை எடுத்துக்கொண்டு நானே முன்னால் நடந்தேன். உச்சி வெயில். சுபாபுல் ஓரத்துக்குப் போகாமல், அவர்களைக் காற்றடிக்கிற திறந்த பக்கத்துக்குக் கூட்டிப்போய், பாறைமேல் நின்று கை எட்டுகிற தூரத்தில் அள்ளி, அவர்கள் மூக்குக்கடியில் நீட்டினேன். "தேகோ பாயி, குச் நஹீ" என்றேன், பாருங்கள், ஒன்றும் இல்லை என்று, என்னுடைய ஓட்டை ஹிந்தியில். பேசின் வெள்ளை வெளேரென்று இருந்தது. நீ என் சேலையை இழுத்தாய். "அம்மா, அக்கட்டால போனா..." என்று மர ஓரத்தைக் காட்டி ஆரம்பித்தாய். நான் உன் மேல்கையில் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன், சாயங்காலம்வரை சிவந்திருந்தது. அவர்கள் நோட்டில் குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். வருகிற வழியில் நீ கேட்டாய். "அம்மா, நீங்க பொய் சொன்னீங்களா?" நான் சொன்னேன். "பொய் எங்க கண்ணு சொன்னேன்? அந்த எடத்துல ஒண்ணும் இல்ல. இல்லதான?" நீ யோசித்து, இல்லை என்று தலையாட்டினாய். முக்குக் கடையில் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். நீ இரண்டு தின்றாய்.

இதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து சுலபாவின் வீட்டுக்காரருக்கு மலேரியா. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. நான் தினம் ரசமும் கஞ்சியும் கொண்டுபோனேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, சொந்த அக்காகூட இப்படிச் செய்யமாட்டாள் என்று அழுதாள். பிழைத்து வந்தார், ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. அந்தக் கொசு எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லித்தான் இத்தனை வருடமும் நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கேம்ப் கடைக்காரர் தீபாவளிக்கு மீன்களை வாங்கிக்கொண்டு, இவ்வளவு பெரிய வால் பார்த்ததே இல்லை என்றார். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது.

நேற்று உன் போனை வைத்தபிறகு ராத்திரி தூங்கவில்லை. இன்று காலையில் கீழே இறங்கிப் போனேன். சுலபா மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டையும் சொன்னேன். கையெழுத்து உன்னுடையதுதான் என்று சொன்னேன். எண்ணெய்க்காரர்கள் வந்த நாளையும் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டது. அவள் ஆய்வதை நிறுத்தவில்லை. கட்டு முழுவதையும் ஆய்ந்து முடித்துவிட்டு, அப்போது உன் பையனுக்கு என்ன வயது என்று கேட்டாள். பத்து என்றேன். நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்றாள். அவ்வளவுதான். முப்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து டீ குடிக்காமல் நான் எழுந்து வந்தது இன்றுதான்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் நீங்கள் மட்டும் என்ன யோக்கியம் என்று நினைப்பாய். நினை. யோக்கியம் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். என் தப்பு உன் தப்பைக் குறைக்காது. பத்து வயதில் உனக்கு ஜிலேபி கொடுத்து வாயை அடைத்தேன், அது என் கணக்கில். முப்பது வயதில் நீயே உன் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறாய், அது உன் கணக்கில். உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. திருடன் இருக்கான் என்று சொன்ன பிள்ளையை நான் எங்கே தொலைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

தை மாதம் கல்யாணம். அம்மா என்ற முறையில் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் அல்லவா? ஒன்றே ஒன்று சொல்கிறேன். மானசியிடம் இந்த மாதிரி உண்மை பேசாதே. முழுப் பொய்யென்றால் ஒரு நாள் மாட்டிக்கொள்வாய், சண்டை போடுவீர்கள், சரியாகிவிடும். ஒன்றே கால் மணிக்கு அள்ளிய தண்ணீரை நீட்டி, நீயே பார், ஒன்றுமே இல்லை என்று சொல்கிறவனோடு ஒரு பெண் குடித்தனம் செய்ய முடியாது. தன் கண்ணையே அவள் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவாள். நானும் இந்த ஐந்து நாளில் அப்படித்தான் ஆகியிருக்கிறேன். நீ இதுவரை சொன்ன ஒவ்வொன்றையும், அது எந்த மணிக்கு அள்ளியது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உன் நோட்டை இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கூரியரில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை அதை அதிகாரிகள் முன்னால் காட்டினால் போதும், உன் ரிப்போர்ட் நிற்காது. அப்பாகூட அதை எடுத்துப் போ என்று சொல்லவில்லை, சுலபாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது ஒரு குழந்தை நம்பி எழுதிய நோட்டு. அந்தக் குழந்தையை உனக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. நீயே வைத்துக்கொள்.

கூட்டம் பதினொரு மணிக்கு. நான் காலை ஆறு மணிக்குக் குட்டையில் இருப்பேன். எருமைகள் இப்போது வருவதில்லை, ஆனால் மர ஓரம் அப்படியேதான் இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன், செம்மண் கரைத்ததுபோலத் துள்ளி மேலே மிதக்கிறது. பேசின் உன்னிடம் இருக்கிறது, கொண்டு வா. குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொள். நீயே எட்டுப் போட்டு அள்ளு, நீயே கலங்கல் அடங்கக் காத்திரு, நீயே கொண்டுபோய் அவர்கள் மேஜைமேல் வை. வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லமாட்டேன். ஆகும். போனாலும் போகும். வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது.

நீ வராவிட்டால் சப்பாத்தி மாவு பிசைகிற தட்டில் அள்ளிக்கொண்டு நானே போவேன். இந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்பார்கள். என் மகன் என்று சொல்வேன். ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து அள்ள அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யாராவது கேட்டால், சுலபா பக்கத்தில் இருக்கும்போதே, கையைத் தூக்குவேன்.

அம்மா